கங்காசாகரில் வீழ்ந்த ஆல்பர்ட்

நவம்பர் பிறந்ததும் நம் கல்லறைத் தோட்டங்கள் புல் செதுக்கப்பெற்று, சுண்ணாம்பு பூசப்பெற்று, மெழுகுதிரி ஒளியில் மிளிர்கின்றன. பெற்றோர்க்கும் உற்றார்க்கும் பூசைக்கருத்துக் கொடுக்கிறோம். மரித்தோர்க்காக வேண்டும் இவ்வழக்கத்திற்கு நாம் சான்று காட்டுவது மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம். அங்கே கூறப்பெறும் மரித்தோர் யார்? போர்க்களத்தில் மடிந்த படைவீரர்கள்! இதனை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

போர் முடிந்து, வீழ்ந்த தோழர்களை அடக்கம் செய்ய வந்த யூதா மக்கபே, அவர்களுடைய ஆடைக்குள் புறவினத்தாரின் சிலைச் சின்னங்கள் மறைந்திருக்கக் கண்டார். சட்டம் விலக்கிய பொருள்கள் அவை. ஆயினும் அவர் அவ்வீரர்களைப் பழித்துத் தள்ளவில்லை. வீரர்களிடம் பணம் திரட்டி, அவர்களின் பாவம் நீங்கப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினார். வீழ்ந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று அவர் சாதிக்கவில்லை. அவர்களுக்குத் தாம் கடன்பட்டவர் என்றே கருதினார்.

இதனைப் படிக்குந்தோறும் எனக்கு ஆல்பர்ட் எக்காவின் நினைவு வரும். இன்றைய ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில், ஜாரி என்னும் சிற்றூரில், ஓராவோன் பழங்குடிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1942 டிசம்பர் 27 அன்று பிறந்தவர். 1962-இல் படையில் சேர்ந்தார். 1971 போரில் கிழக்கு எல்லையில், அகர்தலாவுக்கு அருகே, கங்காசாகர் என்னுமிடத்துப் பகையரண்களைத் தாக்கிய காவலர் படையின் 14-ஆம் பிரிவில் அவர் லான்ஸ் நாயக்.

பகைவரின் இயந்திரத் துப்பாக்கியொன்று தம் தோழர்களைக் கொத்துக் கொத்தாய்ச் சாய்ப்பதைக் கண்ட ஆல்பர்ட், அப்பதுங்கு குழியின்மீது தனியே பாய்ந்தார்; பயனெட்டால் இருவரைக் கொன்று துப்பாக்கியின் வாயை அடைத்தார். படுகாயமுற்றும் பின்வாங்கினாரல்லர், தோழருடன் அரண் அரணாக முன்னேறினார். அப்போது ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து மற்றொரு துப்பாக்கி முழங்கியது. தவழ்ந்து சென்று கையெறி குண்டை வீசினார். துப்பாக்கி ஓயவில்லை. சுவரில் ஏறி உள்ளே குதித்து, எஞ்சியிருந்தவனையும் வீழ்த்தினார். பின்னர்த் தம் காயங்களால் உயிர்நீத்தார். அன்று 1971 டிசம்பர் 3. நம் கோட்டாற்றில் புனித சவேரியாரின் திருநாள். இருபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு இருபத்துநான்கு நாள்களே எஞ்சியிருந்தன. அப்போரின் கிழக்கு முனையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

இங்கேதான் கிறிஸ்தவ மனம் சற்றுத் தயங்குகிறது, தயங்கவும் வேண்டும். பகைவரை நேசிக்கக் கற்பித்த ஆண்டவரின் சீடர் நாம். பயனெட்டால் மாண்டவனும் ஒரு தாயின் மகனன்றோ? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், மாநகரங்களைக் கண்மூடித்தனமாய் அழிக்கும் போர்முறையைக் கடுமையாகக் கண்டித்தது. ஆயுதப் போட்டியையும் சாடியது. அதே ஏட்டில், தம் கடமையை நேர்மையுடன் ஆற்றும் படைவீரர் மக்களின் பாதுகாப்புக்கும் அமைதிக்கும் தொண்டு செய்கின்றனர் என்றும் கூறிற்று. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது கடினம். போரைப் புகழ்பாடுவது எளிது. வீரனை மறந்துவிடுவது அதனினும் எளிது.

ஆண்டவர் படைவீரனை ஒதுக்கவில்லை. நற்கருணை உட்கொள்ளுமுன் தகுதியின்மையை அறிக்கையிட்டு நாம் சொல்லும் மன்றாட்டு, உரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் ஒருவனின் வாயில் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் பங்குகளிலும் முன்னாள் படைவீரர் உள்ளனர். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நிற்கும் முதியவர், எல்லைப் பனியில் கால்விரல்களை இழந்தவராயிருக்கலாம். அவர் அதைப்பற்றிப் பேசமாட்டார், நாமும் கேட்பதில்லை. ஓய்வூதியத் தாள்களுடன் அலையும் கைம்பெண்ணுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தர, படித்த இளைஞர் ஒருவர் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதுமே! டிசம்பர் 7 கொடி நாள். படைவீரர் குடும்பங்களின் நலனுக்காக அன்று நீட்டப்படும் உண்டியலைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர்கள், யூதா திரட்டிய காணிக்கையை நினைத்துக்கொள்ளட்டும்.

சவேரியார் திருநாளன்று பூசைக்கருத்துக் கொடுப்போர் ஆல்பர்ட்டின் பெயரையும் எழுதலாம். அதன்கீழ், கங்காசாகரில் அவர் கையால் மடிந்த வீரர்களுக்காகவும் ஒரு வரி எழுதுங்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியா, ஆண்டவருக்குத் தெரியும்.