ஸ்டீயரிங் முறைத்துக்கொண்டது!

ஆபீஸுக்குக் கிளம்பிக் காரைத் திருப்பினால்... ம்ஹூம்! ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. எதிரே மஞ்சள் விளக்கு.

சர்வீஸ் சென்டரில் விளக்கைப் பார்த்ததுமே, "மோட்டார் அவுட் சார். மொத்த அசெம்ப்ளியையும் மாத்தணும், நாற்பதாயிரம்" என்றார்கள். என் ஒரு மாசச் சம்பளம்!

தெருமுனை பேட்டரிக் கடைப் பெரியவர் மீட்டரை வைத்தார். என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டவேண்டிய பேட்டரியில் 11.8தான்.

"தம்பி, இதுல ஆயில் கிடையாது, கரண்ட்டுலதான் ஓடுது. வண்டி நிக்கறப்ப சக்கரத்தைத் திருப்பினா மோட்டார் ஏகத்துக்குக் குடிக்கும். பேட்டரி சோனியா இருந்தா உள்ளே இருக்கற கம்ப்யூட்டர் உதவியை நிறுத்திடும்."

என்ஜினை ஓடவிட்டும் பார்த்தார். 14 வோல்ட், சார்ஜிங் பழுதில்லை. புது பேட்டரி போட்டதும் விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தால்தான் ஸ்கேனர் போட வேண்டுமாம்.

மிச்சமான தொகையை மட்டும் வீட்டில் உளறியிருக்கக் கூடாது. நேற்று ஃபிரிட்ஜ் வந்து இறங்கிவிட்டது!