குலசை ராக்கெட்டும் கடல் கோடும்: டெல்லியில் கேட்ட கேள்வி, கேட்காத கேள்வி

குலசேகரன்பட்டினம் என்றாலே தசராதான் ஞாபகம் வரும். காளி வேடம், குறத்தி வேடம், போலீஸ் வேடம் என்று விதவிதமாக வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை பிரித்து, முத்தாரம்மன் கோவில் உண்டியலில் கொண்டுபோய்ச் செலுத்தும் கூட்டம். அந்த நாட்களில் திருச்செந்தூர் பஸ்சில் ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடம் இருக்காது.

இப்போது குலசைக்கு இன்னொரு பெயரும் சேர்ந்துவிட்டது. ராக்கெட் ஊர்!

2024 பிப்ரவரி 28-ந் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் மோடி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு ரூ.986 கோடி. நிலம் 2 ஆயிரம் ஏக்கருக்கு மேல். குலசேகரன்பட்டினம், மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி என்று பனங்காடும் தேரி மணலுமாகக் கிடந்த பூமி அது. அன்றைக்கே சோதனையாக ஒரு சின்ன ரோகிணி ராக்கெட்டும் சீறிப் பாய்ந்தது.

ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன துறைமுகம் இது. பாரி கம்பெனியின் குட்டி ரெயில் திருச்செந்தூரில் இருந்து குலசை, உடன்குடி வழியாகத் திசையன்விளைக்கு ஓடியது. 1940-ல் அதுவும் நின்றுபோனது. பிறகு இந்தக் கரைக்கு வந்த பெரிய சங்கதி இந்த ராக்கெட்தான்.

"ராக்கெட் விடுவது விஞ்ஞானிகள் வேலை. இதில் எம்.பி.க்கு என்ன வேலை அண்ணாச்சி?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் வரைபடத்தை எடுங்கள்.

குறுக்கே நிற்கும் இலங்கை

பூமியின் வடதுருவம், தென்துருவத்தைச் சுற்றி வரும் செயற்கைக்கோளை ஏவ வேண்டுமானால் ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேர் தெற்கே விட்டால் இலங்கைத் தலைக்கு மேலே பறக்கும். கழன்று விழும் பாகம் அங்கே யார் வீட்டுக் கூரையிலாவது விழுந்தால் என்ன ஆகும்? அதனால் முதலில் தென்கிழக்கே விட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, அப்புறம் தெற்கே திருப்புகிறார்கள்.

திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். சுமார் 500 கிலோ சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. செயற்கைக்கோளின் எடையைத்தான் குறைக்க வேண்டும்.

குலசையில் இருந்து விட்டால் இந்தத் தொல்லை இல்லை. இலங்கை இடது கைப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. தெற்கே அண்டார்டிகா வரைக்கும் வெறும் கடல்.

ஆக, பனங்காட்டு விவகாரம் என்று தொடங்கியது அண்டை நாட்டு விவகாரமாக முடிகிறது. இந்தக் கரையில் எதைத் தொட்டாலும் அப்படித்தான்.

1974-ல் குரல், 1976-ல்?

இதே கடலில் டெல்லி ஒரு கோடு போட்ட கதை பலருக்குத் தெரியும். பாதிதான் தெரியும் என்பது நம் கணக்கு.

1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணைப்பில் எல்லை வகுத்தன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. ஜூலை 23-ந் தேதி வெளிநாட்டு மந்திரி சுவரண்சிங் பாராளுமன்றத்தில் அதை அறிவித்தபோது சபையில் ஒரே அமளி. தி.மு.க.வின் இரா.செழியன் எதிர்த்துப் பேசினார். ராமநாதபுரம் எம்.பி. மூக்கையா தேவர், அது ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான தீவு என்று வாதாடினார். பெரியகுளம் எம்.பி. முகமது ஷெரீப்பும் விடவில்லை. ஒப்பந்தம் மாறவில்லை. ஆனால் அவர்கள் பேசியது சபைக் குறிப்பில் இருக்கிறது. இன்றைக்கும் கச்சத்தீவு பேச்சு வந்தால் எடுத்துக் காட்டுகிறார்கள்.

குலசைக்கு நேர் எதிரே இருப்பது பாக் நீரிணைப்பு அல்ல, மன்னார் வளைகுடா. அங்கே கோடு போட்டது 1976 மார்ச் 23-ந் தேதி ஒப்பந்தம். ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக்கூடாது என்று அதையொட்டிய கடிதங்களில் எழுதினார்கள்.

அப்போது நாடு எப்படி இருந்தது? நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் ஜெயிலில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தமிழ்நாட்டில் ஜனவரி 31-ந் தேதியே தி.மு.க. மந்திரிசபையைக் கலைத்து ஜனாதிபதி ஆட்சி. சென்னையில் கேட்கச் சட்டசபையே கிடையாது. 1974-ல் எழுந்த மாதிரி ஒரு குரல் எழும்ப வழியே இல்லாமல் நம்ம கடலில் கோடு விழுந்தது. கச்சத்தீவைத் தெரிந்த அளவுக்கு இந்த 1976 சங்கதி யாருக்கும் தெரியாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தலைக்கு மூன்றரைக் கோடி

கோடு காகிதத்தில் கிடக்கவில்லை. 2024 ஆகஸ்டில் தூத்துக்குடி அருகே தருவைகுளம் மீனவர்கள் 22 பேர், 2 படகுகளோடு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினார்கள். அவர்களில் 12 பேருக்கு இலங்கைக் கோர்ட்டு போட்ட அபராதம், தலைக்கு மூன்றரைக் கோடி ரூபாய். இலங்கைப் பணம்தான். இருந்தாலும் ஆயுசு முழுக்க வலை இழுத்தாலும் கட்டக்கூடிய தொகையா அது?

இதைப் பேச வேண்டிய இடம் டெல்லி. குலசை முன்பு திருச்செந்தூர் பாராளுமன்றத் தொகுதியில் இருந்தது. கே.டி.கோசல்ராம் 1977, 1980, 1984 தேர்தல்களில் ஜெயித்த தொகுதி. 2009-ல் தூத்துக்குடி தொகுதியாக மாறியது. 2019, 2024 இரண்டு தேர்தலிலும் ஜெயித்தவர் தி.மு.க.வின் கனிமொழி. அதற்கு முன் 2007-ல் இருந்தே டெல்லி மேல்-சபையில் இருந்தவர். மீனவர் கைது பற்றி பலமுறை சபையில் பேசியிருக்கிறார். அரசின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: இலங்கையிடம் பேசி வருகிறோம், 2016-ல் அமைத்த கூட்டுக்குழு இருக்கிறது.

இலங்கைப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்கள்தான். நம் இழுவைப் படகுகள் வந்து கடல் அடியை வாரிக்கொண்டு போகின்றன என்பது அவர்களுடைய குறை. 2017-ல் இலங்கை அந்த மீன்பிடிப்புக்குத் தடைச் சட்டமே போட்டது. இதைப் பேசாமல் கடற்படையை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது.

எம்.பி. வெளியே, ஊர் வெள்ளத்தில்

இனி 2023 டிசம்பருக்கு வருவோம். 13-ந் தேதி பாராளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் இருந்து இரண்டு பேர் சபைக்குள் குதித்து மஞ்சள் புகை விட்டார்கள். மறுநாள், உள்துறை மந்திரி வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கோஷம் போட்டார்கள். சபை நடவடிக்கைக்கு இடையூறு என்று பலரை சஸ்பெண்டு செய்தார்கள். அதில் கனிமொழியும் ஒருவர். கூட்டத்தொடர் முடியும் வரை உள்ளே வரக்கூடாது!

மூன்றே நாள். 17-ந் தேதி வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. நாலு பக்கமும் தண்ணீர்.

கனிமொழி தொகுதிக்கு வந்து வெள்ளத்தில் சுற்றினார். அது சரி. ஆனால் டெல்லியில் பாராளுமன்றம் நடந்துகொண்டிருந்தது, 21-ந் தேதி வரைக்கும். வெள்ளத்தில் மிதந்த தொகுதியின் எம்.பி. மட்டும் சபையில் இல்லை. கோஷம் போட்டது தப்பா, சஸ்பெண்டு செய்தது தப்பா என்று கட்சிக்காரர்கள் சண்டை போடட்டும். ஸ்ரீவைகுண்டத்துக்காரனுக்கு அந்த வாரம் டெல்லியில் வாய் இல்லை. அதுதான் விஷயம்.

மாட்ரிட்டில் ஒரு கேள்வி

வெளிநாட்டு விவகாரம் என்றால் கொழும்பு மட்டுமா? 2025-ல் பஹல்காம் தாக்குதல், ஆபரேஷன் சிந்தூர் நடவடிக்கைக்குப் பிறகு, இந்தியாவின் நிலையை எடுத்துச் சொல்ல மத்திய அரசு பல கட்சி எம்.பி.க்கள் குழுக்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ரஷ்யா, சுலோவேனியா, கிரீஸ், லாட்வியா, ஸ்பெயின் நாடுகளுக்குப் போன குழுவுக்குத் தலைவர் கனிமொழி. ஸ்பெயினில், இந்தியாவின் தேசிய மொழி எது என்று ஒருவர் கேட்டார். வேற்றுமையில் ஒற்றுமைதான் எங்கள் மொழி என்று பதில் சொன்னார். கைதட்டல் விழுந்தது.

ஊருக்குத் திரும்பியபின் ஜூலை மாத விவாதத்தில் அதே கனிமொழி அரசை விட்டுவைக்கவில்லை. பஹல்காமில் பாதுகாப்பு எப்படித் தவறியது என்று கேட்டார். வெளியே நாட்டுக்காகப் பேச்சு, உள்ளே நாட்டை ஆள்பவரிடம் கேள்வி. இரண்டும் எம்.பி. வேலைதான்.

குலசையில் வெளிநாடு இன்னொரு வேடிக்கையான வழியிலும் நுழைந்தது. அடிக்கல் நாட்டு விழாவுக்கு மந்திரி அனிதா ராதாகிருஷ்ணன் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தில், படத்தில் இருந்த ராக்கெட்டின் உச்சியில் சீனக் கொடி! பிரதமர் நெல்லைப் பொதுக்கூட்டத்திலேயே பிடித்துக்கொண்டார். விளம்பரம் வடிவமைத்தவர் செய்த தவறு என்று தி.மு.க. தரப்பில் சமாதானம் சொன்னார்கள். தசரா வேடத்தில்கூட இப்படி ஒரு வேடம் யாரும் போட்டதில்லை.

எந்த மந்திரிக்கு?

ராக்கெட் கோரிக்கை பழசு. 2013-லேயே கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2019 நவம்பரில் மேல்-சபையில் மந்திரி ஜிதேந்திரசிங் எழுத்து மூலம் கொடுத்த பதிலில்தான் குலசை என்ற பெயர் அரசுத் தரப்பில் உறுதியானது. எழுத்தில் வந்த பதிலுக்கு அந்த மரியாதை உண்டு. பிறகு எளிதில் மாற்றிச் சொல்ல முடியாது.

மக்களவையில் கேள்வி கேட்க எம்.பி. சுமார் 15 நாள் முன்னதாக நோட்டீசு தர வேண்டும். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் நட்சத்திரக் கேள்விகள். மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். அது யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். மற்ற 230-க்கும் எழுத்தில் பதில்.

2025 ஆகஸ்டு 27-ந் தேதி இஸ்ரோ தலைவர் நாராயணன் குலசையில் கட்டுமான வேலைக்குப் பூமி பூஜை போட்டார். ஆண்டுக்கு இருபதுக்கும் மேல் ராக்கெட் விடும் திட்டம் என்றார். ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் கடலில் ஒரு பகுதியைக் காலி செய்தாக வேண்டும். 2024-ல் அந்தச் சின்ன ரோகிணி போன அன்றே மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். வானிலை சரியில்லை என்று ஏவுவது ஒரு நாள் தள்ளிப்போனால் படகும் ஒரு நாள் கூடுதலாகக் கரையில் கிடக்கும்.

மணப்பாடு, பெரியதாழை, ஆலந்தலை, அமலிநகர் நாட்டுப் படகுக்காரர்களுக்கு அந்த நாள் கூலியை யார் தருவது? விண்வெளித்துறை பிரதமரின் கையில். மீன்வளம் வேறு மந்திரி. எல்லை தாண்டினால் வெளிநாட்டு மந்திரி. கேள்வி நோட்டீசில் எந்த மந்திரிக்கு என்று முதலில் எழுத வேண்டும். இந்தக் கேள்விக்கு யார் பெயரை எழுதுவது?