‘கோ’வில் தடுக்கும் குரல்

கோவில்பட்டி, கோபல்ல கிராமம். இரண்டும் ‘கோ’வில்தான் தொடங்குகின்றன, ஆனால் கரிசல்காட்டில் இரண்டையும் யாரும் ஒரே மாதிரி உச்சரிப்பதில்லை. ஊர்ப்பெயரில் வருவது கோழியின் ‘கோ’. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-ல் வெளியிட்ட நாவலின் பெயரில் வருவது கோபாலனின் ‘கோ’. கண்ணால் படிப்பவருக்கு இதில் சிரமமே இல்லை. பார்வையற்ற வாசகருக்கு மின்னூலை வாசித்துக் காட்டும் குரல்பொறிக்கோ ஊர் வழக்கம் தெரியாது. சொல்லின் முதலில் ககரம் வந்தால் வல்லொலி, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் அதிரும் ஒலி என்பது போன்ற விதிகள்தான் அதற்கு அடிப்படை. விதிக்குள் அடங்காத ‘கோபல்ல’, ‘பஸ்’ போன்ற சொற்களைத் தனியாக யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

சொல்லிக்கொடுக்க வேண்டியவர் வாசகர்தான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006-ல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன், தாமே பார்வையற்றவர். அதோடு சேர்ந்து வரும் இஸ்பீக் குரல்பொறியில் தமிழுக்கென ஓர் உச்சரிப்பு விதிக் கோப்பும், விதிவிலக்குச் சொற்களின் பட்டியலும் இருக்கின்றன. இரண்டையும் எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். சம்சாரிகளின் (விவசாயிகளின்) பேச்சு எப்படி ஒலிக்கும் என்பது கரிசல் வாசகருக்குத் தெரிந்த அளவு, எங்கோ உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆனால் “தமிழைச் சரியா வாசிக்க மாட்டேங்குது” என்று மட்டும் எழுதினால் செயலியையோ குரலையோ தயாரித்த நிறுவனத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மின்னூல் காதுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று படிகளைக் கடக்கிறது: பதிப்பாளர் தந்த கோப்பு, அதைத் திறக்கும் செயலி, வாசிக்கும் குரல். பிழை யாருடையது என்று தெரியாமல் அனுப்பிய புகார் எங்காவது முடங்கிவிடும்.

கோப்பில்தான் கோளாறா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ‘கொண்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். யூனிகோடில் முதலில் ககரமும் பிறகு ஒகரக் குறியும் பதிவாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னால் போகும்; போதாததற்கு உள்ளே இருப்பவை தமிழ் எழுத்துகளே அல்ல, ஆங்கில எழுத்துகள். அந்த வரியை நகலெடுத்துச் செல்போனின் குறிப்புப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். அப்படியானால் குரலைத் தயாரித்தவரிடம் முறையிட்டுப் பயனில்லை. யூனிகோடில் மாற்றித் தரும்படி பதிப்பாளருக்கே எழுத வேண்டும். வரி ஒழுங்காக விழுந்தால் அடுத்த சோதனை: வேறொரு குரலை வைத்துக் கேட்பது. அதுவும் அதே இடத்தில் தடுக்கினால் செயலியின் மேல் சந்தேகம் வலுக்கும்.

துல்லியமாகச் சொன்ன குறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலின் கதையே சாட்சி. 2009-ல் வந்த கிண்டில் டிஎக்ஸ், புத்தகத்தை வாய்விட்டு வாசிக்கும். ஆனால் அந்த வசதியை இயக்க வேண்டிய மெனுக்கள் பேசாது. பார்வையற்றவரால் அடுத்தவர் துணையின்றிப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு இந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டது. பாடநூலுக்காக அக்கருவியைச் சோதிக்கவிருந்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கே தொடர்ந்தது. 2010 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. அந்த ஆண்டே வந்த அடுத்த கிண்டிலில் மெனுவும் பேசியது.

அதோடு முடியவில்லை. 2012-ன் பேப்பர்ஒயிட் கருவியில் ஒலியே இல்லாமல் போனது. அந்த டிசம்பரில் பார்வையற்றோர் சியாட்டிலில் அமேசான் தலைமையகத்தின் முன் திரண்டார்கள். 2013 மே மாதம் ஐபோனுக்கான கிண்டில் செயலி, அக்கருவியின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவருடன் இணக்கமானது. கிடைத்த வசதி அடுத்த பதிப்பில் காணாமல் போகலாம் என்பதால், தொடர்ந்து கவனித்துச் சொல்வதும் வாசகர் வேலையாகிறது.

அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களைக் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது. அவற்றைப் படிக்கும் பார்வை மங்கிய பெரியவர்களின் தேவை குரலல்ல, தெளிவான எழுத்து. ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பது ஒரு சிறு சுழிதான், எழுத்து சிறுத்தால் அது கரைந்துவிடும். “எழுத்து சின்னதா இருக்கு” என்பதைவிட, “எழுத்தை உச்ச அளவுக்குக் கூட்டியும் மேல்சுழி அடுத்த வரியில் மோதுகிறது” என்று திரைப்பிடிப்போடு அனுப்பினால் வடிவமைப்பாளருக்குச் சட்டென்று பிடிபடும்.

கருவியின் மாதிரி, செயலியின் பதிப்பு எண், குரலின் பெயர், நூல், அதிகாரம், தடுக்கிய வாக்கியம், காதில் விழுந்தது, விழுந்திருக்க வேண்டியது. நல்ல புகார் ஒன்றுக்கு இவ்வளவும் வேண்டும்; உச்சரிப்புப் பிழை என்றால் வாசகரே சொல்லிப் பதிவுசெய்த ஒலித்துண்டும் கூடவே போகலாம். புதுப்பிப்பு வந்ததும் அதே பக்கத்தை அதே குரலில் மறுபடி கேட்டு, சரியாகியிருந்தால் அதையும் எழுதிவிடுவது நல்லது. புகாரை முடித்துவைக்க நிறுவனத்துக்கு அந்தப் பதில் தேவைப்படும்.