வீட்டு ஒலிப்பதிவும் செவி நலமும்

நாசரேத் போன்ற, ஆலயப் பாடகர் குழுக்களால் இசைப் பழக்கம் வேரூன்றிய ஊர்களில், கீர்த்தனைகளையும் கிறிஸ்து பிறப்புப் பாடல்களையும் வீட்டு அறையிலேயே பதிவு செய்வது இன்று எளிதாகிவிட்டது. பின்னணி இசை ஒலிவாங்கியில் மீண்டும் பதிவாகாமலிருக்கப் பாடுபவர் ஹெட்போன் அணிதல் அவசியமே. எனினும், அதன் ஒலி அளவைக் கவனிக்காவிடில் செவித்திறன் நிரந்தரமாகக் குறையக்கூடும்.

ஒலி அளவு ஏன் கூடுகிறது?

பாடும்போது நம் குரல் எலும்பின் வழியாகவும் உட்செவியை அடைகிறது. அதனை மீறி இசையைக் கேட்க ஒலியைக் கூட்டுகிறோம். பின்னர், குரல் கேட்கவில்லையென்று அதனையும் கூட்டுகிறோம். செவி சிறிது நேரத்தில் பழகிவிடுவதால், ஒலி மிகுதியாகத் தோன்றுவதில்லை.

பாதிப்பு எவ்வாறு நிகழ்கிறது?

உட்செவியின் நத்தைக்கூடு போன்ற பகுதியில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. அழிந்த செல்கள் மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலும் உயர்சுருதி ஒலிகளே முதலில் மங்குவதால், இசைப் பதிவின் தரத்தை மதிப்பிடும் திறனும் குறையும்.

பாதுகாப்பான அளவு

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இந்த நேரம் பாதியாகும்: 83 டெசிபலில் 20 மணி, 86 டெசிபலில் 10 மணி, 89 டெசிபலில் 5 மணி. சிறுவர்களுக்கு 75 டெசிபலே 40 மணி நேரத்திற்கான வரம்பாகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• காதை முழுவதும் மூடும் ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். வெளி ஓசை குறைவதால் மெல்லிய ஒலியே போதுமானதாகும்.
• குரல் கேட்காவிடில், குரலைக் கூட்டாமல் பின்னணி இசையைக் குறையுங்கள்.
• ஒரு செவியை விடுவித்துப் பாடுவோர், மறு செவிக்கான ஒலியைக் கூட்டக் கூடாது.
• கருவிகளை இணைக்கும் முன்னர் ஒலியை முழுவதும் குறைத்து, ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். திடீர் இரைச்சலும் செவியைப் பாதிக்கும்.
• ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை சில நிமிடங்கள் அமைதியில் இருங்கள். திரும்பியதும் ஒலியைத் தாழ்ந்த அளவிலிருந்து தொடங்குங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

பதிவு முடிந்த பின்னர் காதில் இரைச்சல் கேட்பதும், பேச்சு மங்கலாகக் கேட்பதும் எச்சரிக்கை அறிகுறிகள். அவை மறுநாளும் நீடித்தால் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு செவியில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறையும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம். 104 என்ற தொலைபேசி எண்ணிலும் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

பிழையாகப் பதிவான பாடலை மறுமுறை பாடலாம். இழந்த செவித்திறனை மீட்க இயலாது.