தூரத்து மாணவருக்கு ஒரு பாடநெறி: கெமரா வாங்குவதற்கு முன்...

"எனக்குத் தையல் தெரியும். என் மச்சானுக்குக் கடைக்கணக்கு அத்துப்படி. இதையெல்லாம் இணையத்தில் படிப்பித்து நாலு காசு உழைக்க முடியாதா?" வவுனியாப் பக்கம் போகும்போதெல்லாம் இப்படி ஒரு கேள்வி என்னிடம் வருகிறது.

முடியும் என்பதே என் பதில். ஆனால் இதில் இறங்குகின்ற பலர் முதல் வேலையாக நல்ல கெமராவும் மைக்கும் வாங்குகிறார்கள். மாணவர் காசு கொடுப்பது வீடியோவுக்கு அல்ல. தொழிலைக் கற்று முடிப்பதற்கே. இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

தேவை எங்கே இருக்கிறது?

முல்லைத்தீவிலிருந்து ஒரு குறுகிய பயிற்சிக்காக வவுனியாவுக்கு வந்து போவதென்றால் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா வளாகமும் வன்னிக்குக் கிடைத்த பெரிய வாய்ப்புகள். ஆனால் கைக்குழந்தையுள்ள தாயும், கடையைப் பூட்ட முடியாத வியாபாரியும் அங்கே போய் உட்கார முடியாது.

எமது சமூகத்துக்கு இன்னொரு நிலைமையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதியினர் தண்ணீரூற்று போன்ற ஊர்களுக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். நானா ஓரிடம், தங்கை ஓரிடம். இருவரையும் ஒரே வகுப்பில் சேர்க்க இணையம் நல்ல வழி.

இது புதிய விடயமல்ல

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் ஆரம்பமானது. அச்சிட்ட பாடநூல், வீட்டு வேலை, இடைக்கிடை கற்கை நிலையத்தில் நேரடிச் சந்திப்பு என்பதே அதன் அடிப்படை முறை. வவுனியாவிலும் அதற்கு நிலையம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தைத் தொடங்கியது.

இன்று உலகெங்கும் இணைய வகுப்புகளுக்குப் பயன்படும் 'மூடில்' என்ற இலவச மென்பொருளை 2002இல் வெளியிட்டவர் அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ். பாலைவனப் பகுதியில் வளர்ந்த அவர், சிறுவயதில் வானொலி மூலமே பாடம் படித்தவர். தூரத்து மாணவரின் கஷ்டம் தெரிந்தவர்!

முடிப்பவர் எத்தனை பேர்?

அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆகிய இரண்டும் நடத்திய இணையப் பாடநெறிகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் படித்து முடித்தவர்கள் 3.13 சதவீதம் மட்டுமே. அதேவேளை, காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள். காசு கட்டுபவர் ஏற்கனவே உறுதியுடன் வருபவர் என்பதும் உண்மைதான். ஆனாலும் முற்றிலும் இலவசமாகக் கொடுப்பதை விட, சிறு தொகையாவது வாங்குவது நல்லது என்பதே என் கருத்து.

இனி, எப்படி அமைப்பது?

கடைக்கணக்குப் பாடநெறியையே உதாரணமாக எடுப்போம்.

முதலில், கடைசி நாளன்று மாணவர் எதைச் செய்யக் கூடியவராக இருக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "நாளாந்தக் காசுப் புத்தகமும் கடன் கொப்பியும் எழுதி, வீட்டுச் செலவைப் பிரித்து, மாத இலாபத்தைத் தானே கண்டுபிடிப்பார்." இதற்கு உதவாத பாடத்தை வெட்டிவிடுங்கள்.

இரண்டாவது, பாடம் சிறிதாக இருக்கட்டும். இணைய வகுப்பு வீடியோக்கள் 69 இலட்சம் தடவை பார்க்கப்பட்ட விதத்தை ஆராய்ந்த ஒரு குழு, எவ்வளவு நீண்ட வீடியோவானாலும் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்பதில்லை என்று 2014இல் அறிவித்தது. வாரத்துக்கு மூன்று பாடமாக எட்டு வாரம் என்றால் 24 பாடங்கள். தலா ஆறு நிமிடம்.

மூன்றாவது, டேட்டாச் செலவைக் கணக்குப் பாருங்கள். ஒரு மணி நேர நேரடி வீடியோ வகுப்புக்கு அரை ஜீ.பீ. வரை, சிலவேளை அதற்கு மேலும் போகும். மேற்சொன்ன 24 பாடங்களையும் குரல் பதிவாகச் சுருக்கினால் மொத்தமே சுமார் 35 எம்.பீ. தான். அத்துடன் கணக்குப் பக்கத்தின் படம் ஒன்றை அனுப்பினால் போதும். கையால் செய்து காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் வீடியோ போடுங்கள்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒரு போனைப் பல பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளை நாம் பார்த்தோம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஆகவே குறித்த நேரத்தில் வந்தே ஆக வேண்டும் என்ற வகுப்பு இங்கே சரிவராது. இரவில் இறக்கி வைத்து, பகலில் வசதிப்பட்ட நேரத்தில் கேட்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

நான்காவது, வாராவாரம் வீட்டு வேலை கொடுங்கள். மாணவர் தன் சொந்தக் கொப்பியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நீங்கள் திருத்தி அனுப்புங்கள். ஒரு வாரம் வரவில்லையா? கோல் எடுத்து விசாரியுங்கள். பலரை இடைநடுவில் விடாமல் காப்பாற்றுவது இந்தக் கோல்தான். எட்டு வாரத்தில் இரண்டு நாளாவது மாங்குளம் போன்ற நடுவிடத்தில் நேரில் சந்திப்பது இன்னும் நல்லது. தையல், மோட்டார் திருத்தம் போன்றவற்றுக்கு இது கட்டாயம்.

கட்டணமும் சான்றிதழும்

பாடத்தைப் பதிவது ஒரு தடவை. திருத்துவது ஒவ்வொரு வாரமும். 20 மாணவருக்குத் தலா பத்து நிமிடம் என்றாலும் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். இந்த உழைப்புக்குத்தான் கட்டணம். 200 பேரைச் சேர்த்து யாரையும் கவனிக்காமல் விடுவதை விட, 20 பேரைக் கரைசேர்ப்பதே நிலைக்கும் வியாபாரம். அந்த 20 பேரும்தான் உங்களது அடுத்த விளம்பரம்.

சான்றிதழ் விடயத்தில் வாய்மை வேண்டும். தொழிற்பயிற்சி நிறுவனமாக நடத்துவதென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். தேசிய தொழிற்தகைமை எனப்படும் என்.வீ.கியூ. சான்றிதழ் செய்முறைத் திறனைப் பரீட்சித்தே வழங்கப்படுகிறது. உங்களது பாடநெறி அதற்கு ஆயத்தப்படுத்தலாம், அதற்குப் பதிலாகாது. இதனை முதல் நாளே மாணவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்தவர்கள் ஐந்து பேருடன், கையிலுள்ள போனை வைத்தே இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். ஐவரும் முடித்தார்களா, முடிக்காதவர் ஏன் நின்றார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கெமரா வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.