ஏழையின் விவரமும் அமானிதமே



தமிழகப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உட்பட, கசிந்துவிட்டதாக இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று 2021இல் அறிவித்தது. கலசப்பாக்கத்தில் நியாய விலைக் கடை அரிசியை நம்பி வாழும் தாய்க்கு, விவரம் தர மாட்டேன் என்று சொல்லும் வசதி ஏது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, அரசு உதவிகளுக்கு ஆதார் கேட்பதை 2018இல் அனுமதித்தது.

அரசு இருக்கட்டும், நம் மஹல்லாக்களில் என்ன நடக்கிறது? ரமளான் அரிசிக்கு ஆதார் நகல் வாங்குகிறோம். அந்தக் கட்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கிறது. வாங்குபவரைப் படம் பிடிப்பதோ தனிக் கொடுமை! ஏழைகளுக்கு மறைத்துக் கொடுப்பதையே சிறந்ததென்கிறது திருக்குர்ஆன் (2:271). பெயரும் வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையும் போதாதா? ஆதார் அவசியமென்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலைப் பெறுங்கள். விநியோகம் முடிந்ததும் உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.