20,000 ரூபாய்க்கு 100 ரூபாய்தானே போகணும்?

போன வாரம் ரமணாசிரமம் பக்கத்துல, செங்கம் ரோட்டு டீக்கடையில ஒரு நண்பனைப் பார்த்தேன். கோவாவுல, மாண்டோவி ஆத்துல நிக்கிற ஒரு கேசினோ கப்பல்ல பிளாக்ஜாக் ஆடி, ஒரே ராத்திரியில 20,000 ரூபாயை விட்டுட்டு வந்திருக்கான்.

"மச்சி, பிளாக்ஜாக்ல ஹவுஸ் எட்ஜ் வெறும் அரை பெர்சென்ட்தான். அப்போ 20,000-க்கு 100 ரூபாதானே போகணும்? மிச்சத்தை அடுத்த மாசம் போய் எடுத்துடறேன்"னான்.

இதுல மூணு தப்பு இருக்கு.

1. எதுக்கு அரை பெர்சென்ட்?

கையில கொண்டுபோற பணத்துக்கு இல்லை. டேபிள்ல வைக்கிற ஒவ்வொரு பந்தயத்துக்கும். ஒரு ஆட்டத்துக்கு 500 ரூபாய், மணிக்கு 60 ஆட்டம், ஆறு மணி நேரம்னு வைங்க. 360 ஆட்டம், மொத்தப் பந்தயம் 1,80,000 ரூபாய். ஜெயிச்ச பணத்தையே திரும்பத் திரும்ப வைக்கிறோம் இல்லையா, அதான். இதுல அரை பெர்சென்ட்னா 900 ரூபாய்.

2. யாருக்கு அரை பெர்சென்ட்?

கேசினோவோட லாபம் வர்ற இடம் ரொம்ப சிம்பிள். நாமதான் முதல்ல சீட்டு வாங்கணும். 21-ஐத் தாண்டினா பணம் அப்பவே போச்சு. அப்புறம் டீலரும் தாண்டினாலும் திரும்பி வராது. விதிகள் நல்லா இருந்து, எந்தக் கைக்கு என்ன பண்ணணும்ங்கிற பேசிக் ஸ்ட்ராட்டஜி அட்டவணையை அப்படியே பின்பற்றினாதான் அரை பெர்சென்ட். மனசுக்குத் தோணினபடி ஆடினா சுமார் ரெண்டு பெர்சென்ட், அதாவது 3,600 ரூபாய்.

டேபிள்ல எழுதியிருக்கிறதையும் படிங்க. முதல் ரெண்டு சீட்டுலயே 21 வந்தா, 3:2 டேபிள்ல 500-க்கு 750 கிடைக்கும். 6:5 டேபிள்ல 600தான். இது கிட்டத்தட்ட 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும். அந்த 150 ரூபாய் வித்தியாசமே எட்ஜை 1.4 பெர்சென்ட் ஏத்திடும்.

3. மிச்சம் எங்கே?

3,600-ங்கிறது சராசரி. 360 ஆட்டத்துல அந்தச் சராசரியை விட்டு 11,000 ரூபாய் மேலயோ கீழயோ போறது சாதாரணம். அதனால 20,000 காலியானது அதிசயம் இல்லை. மேல போன ராத்திரியிலதான் "எனக்கு ஆட்டம் புரிஞ்சிடுச்சு"ன்னு தோணும்.

"ரொம்ப நேரம் ஆடினா சரியாயிடும்"னு சொல்லுவாங்க. ஆட ஆட, நஷ்டத்தோட சதவீதம்தான் சராசரியை நெருங்கும். ரூபாய் கணக்குல நஷ்டம் வளரும். விட்டது திரும்பி வரணும்னு எந்த விதியும் இல்லை.

2003-ல தமிழ்நாட்டுல லாட்டரி தடையாகிறவரைக்கும் நம்ம பெரியவங்க சொன்னதும் இதே வசனம்தான்: "விட்டதைப் பிடிக்கணும்."

மச்சி, இதைக் கேட்டுட்டு இருந்தா ஒண்ணே ஒண்ணு. அந்த 19,900 ரூபாய் உனக்கு யாரும் தரவேண்டிய பாக்கி இல்லை. அடுத்த மாசம் கப்பல் ஏறினா கணக்கு புதுசா, மறுபடியும் மைனஸ்லதான் ஆரம்பிக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.